முன்னே செவி, பின்னே சீர்

(தரங்கம்பாடியில் ஆசிரியரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)



அலைகள் பாடும் ஊர் என்று இவ்வூர்ப் பெயர்க்குப் பொருள் கூறுவர். இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டோ இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கின்றது. பெயர் எதுவாயினும் ஆகுக. இவ்வூர்ப் பிள்ளை தொட்டிலில் கிடக்கும் நாள்தொட்டுக் கேட்பது ஓர் ஓசையொழுங்கு. அலை எழுகின்றது, நீள்கின்றது, உடைகின்றது, சற்றே அடங்கி மீண்டும் எழுகின்றது. கடலோசைக்குமேல் தாயின் தாலாட்டு. அதற்குமேல் வலை இழுப்பாரின் ஏலேலோ. சற்று உள்நாட்டிற் சென்றால் நாற்று நடும் பெண்டிரின் நடவுப்பாட்டு. நடை பழகுமுன்னரே காவிரிக் கடைமடைப் பிள்ளையின் செவி பாட்டினால் நிரம்பிவிடுகின்றது.

அந்தப் பிள்ளைதான் 12, 13 அகவையில் செய்யுட் பகுதி என்றவுடன் முகஞ் சுளிக்கின்றது. 'உரைநடை எளிது, செய்யுள் கடினம்' என்கின்றது. பாட்டிலேயே பிறந்த பிள்ளைக்குப் பாட்டு எவ்வாறு பகையாயிற்று? இடையில் நிகழ்ந்தது என்ன? இன்று எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இதுவே.

இது வெறும் வகுப்பறைச் சிக்கல் அன்று. தமிழின் பழஞ்செல்வத்தில் மிகப் பெரும்பகுதி பாவாக உள்ளது. மருத்துவமும் கணக்கும் நிகண்டும் இலக்கணமுங்கூடப் பாவாகவே எழுதப்பெற்றன. பாவை வெறுக்கும் ஒரு தலைமுறை உருவாகுமாயின், ஈராயிரம் ஆண்டுக் களஞ்சியத்தின் திறவுகோலை அது தன் கையாலேயே கடலில் எறிந்துவிட்டது என்பதே பொருள்.

மணலில் அமர்ந்த அயலவர்

இதே ஊரில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி தென்மார்க்கு நாட்டாரின் ஆட்சியில் இருந்தது. 1706 சூலை 9-ஆம் நாள் செருமானியராகிய பார்த்தலோமேயு சீகன்பால்கு இக்கரையில் இறங்கினார். அவருக்குத் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. கற்பிக்கத் தக்க அகராதியோ அச்சிட்ட இலக்கணமோ அவர் கையில் இல்லை. அவர் செய்தது என்ன? முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, அப்பள்ளியைத் தம் இருப்பிடத்திலேயே நடத்தச் செய்தார். சிறுபிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்தார். மணலிலே விரலால் எழுத்தை வரைந்து, பிள்ளைகள் ஒலித்தவாறே ஒலித்துப் பழகினார்.

இரண்டே ஆண்டில், 1708-இல், நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்று நூல்களை அவர் செருமன் மொழியில் பெயர்த்தார். இம்மூன்றும் புலவர் அவைக்குரிய பெருநூல்கள் அல்ல. சிறுவர் வாயில் வழங்கிய நூல்கள். பிள்ளைகள் கற்ற வழியிலே கற்றமையால் பிள்ளைகளின் நூல்களே அவருக்கு முதற்கண் வாய்த்தன. அவருடைய சமயப்பணி வேறு. அதுபற்றி ஈண்டுப் பேச்சில்லை. கற்ற முறைதான் ஈண்டுக் கருதத்தக்கது. கண்ணால் இலக்கணம் படித்துத் தமிழுக்குள் நுழைந்தவர் அல்லர் அவர். செவியாலும் வாயாலும் நுழைந்தார். 24 அகவை கடவாத அயலவர் ஒருவர்க்கு அவ்வழி பயன்பட்டதெனின், இம்மண்ணிலேயே பிறந்த 6 அகவைப் பிள்ளைக்கு அது பயன்படாதோ?

திண்ணைப் பள்ளியில் குறைகள் இல்லாமல் இல்லை. பிரம்பு அங்கே ஆண்டது. பொருள் சொல்லாமலே உருப்போடச் செய்தனர். எல்லாக் குடிப்பிள்ளைகளும் அத்திண்ணையில் ஏற இடமில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இல்லவே இல்லை. அக்குறைகளை மீண்டும் கொண்டுவருதல் வேண்டா. ஆயினும் அங்கே ஒரு நன்மை இருந்தது. பாட்டு முதலில் ஒலியாக உள்ளே சென்றது. பிறகே எழுத்தாகவும் பொருளாகவும் விரிந்தது. இன்றைய பள்ளி பிரம்பை நீக்கிவிட்டது, நன்று. ஒலியையும் உடன் நீக்கிவிட்டதே, அதுதான் இழப்பு.

ஔவையார் அமைத்த ஏணி

முன்னோர் இந்த முறையை எவ்வளவு நுட்பமாக அமைத்தனர் என்பதற்கு ஔவையார் நூல்களே சான்று. ஆத்திசூடியில் அடிகள் மிகச் சிறியன. இரண்டு மூன்று சொல்லில் முடிந்துவிடும். அகரவரிசை பிள்ளைக்கு நினைவுக் கயிறாக உதவுகின்றது. அடுத்துக் கொன்றைவேந்தன், அதுவும் அகரவரிசையே, ஓரடியே. ஆனால் அடி நீள்கின்றது. ஓரடிக்குள்ளேயே மோனை இழைகின்றது. அதன்பின் மூதுரையும் நல்வழியும், நான்கடி வெண்பாக்கள். ஓர் உவமை, அதன் விளக்கம், ஒரு முடிவு என்று ஒரு முழுக் கருத்தை நான்கடியில் தாங்கும் அளவிற்குப் பிள்ளையின் மூச்சும் நினைவும் அதற்குள் வளர்ந்துவிடுகின்றன.

ஆத்திசூடி 109, கொன்றைவேந்தன் 91, மூதுரை 30, நல்வழி 40 என்னும் இந்த அளவையும் நோக்குக. இவ்வளவையும் முடித்த பிள்ளையின் செவிக்குள் 70 வெண்பாக்களின் ஓசை குடியேறியிருக்கும். வெண்டளை என்னும் சொல்லை அப்பிள்ளை கேட்டிராது. ஆனால் தளை தட்டிய அடியை எவரேனும் படித்தால் 'ஏதோ இடறுகிறது' என்று அதன் செவி சொல்லும். பெயர் தெரியுமுன்னரே பொருள் தெரிந்துவிட்டது. கல்வியில் இதனினும் உறுதியான அடித்தளம் இல்லை.

சாமிநாதர் கற்ற வரிசை

இந்தக் காவிரி நாட்டிலேயே இன்னொரு சான்றும் உண்டு. உ. வே. சாமிநாதர் 1871-இல் மயிலாடுதுறைக்கு வந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனாரிடம் மாணவராகச் சேர்ந்தார். அதற்குமுன் அவர் கற்ற வரிசையை அவருடைய 'என் சரித்திரம்' தெளிவாகக் காட்டுகின்றது. இளமையில் அரியலூர்ச் சடகோப ஐயங்கார் அவருக்குத் தமிழ்ச் சுவையைக் காட்டினார். பாட்டை நின்று நிதானித்துச் சுவைக்கும் பழக்கத்தை ஊட்டினார். பிறகே பிற நூல்கள், அதன்பின் நன்னூல். யாப்பருங்கலக்காரிகையைச் செங்குணம் விருத்தாசல ரெட்டியாரிடம் பாடங் கேட்டது இவற்றுக்கெல்லாம் பின்னரே.

சுவை முதலில், யாப்பு பின்னர். இந்த வரிசையில் வளர்ந்த செவிதான், பிற்காலத்தில் செல்லரித்த ஏடுகளில் சிதைந்து கிடந்த அடிகளை எடுத்து, எங்கே சீர் குறைகின்றது, எங்கே சொல் பிறழ்ந்தது என்று கண்டு, பழந்தமிழ் நூல்களை அச்சேற்றத் துணைநின்றது. யாப்பறிவு இல்லாதிருந்தால் அப்பணி நடந்திராது. சுவையறிவு இல்லாதிருந்தால் அப்பணியில் அவர் இறங்கியே இருக்கமாட்டார். இரண்டும் வேண்டும், ஆனால் முறைமாறலாகாது.

நூலின் வரிசை வேறு. பிள்ளையின் வரிசை வேறு

காரிகை உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என மூன்று பகுதியாக அமைந்தது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என உறுப்புகளை முதலில் கூறி, அவற்றாலாகிய பாக்களைப் பின்னர்க் கூறும். இது ஆய்வு வரிசை. கட்டி முடித்த மாளிகையைப் பிரித்துக் காட்டுபவன் செங்கல்லில் தொடங்குவான். வீட்டில் வாழவந்த பிள்ளையோ வாயில் வழியாகத்தான் நுழையும். நூலின் வரிசையையே கற்பிக்கும் வரிசையாகக் கொண்டமைதான் இடையில் நிகழ்ந்த பிழை.

அதன் விளைவைப் பாருங்கள். மேல்வகுப்புத் தேர்வில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதும் வினா வருகின்றது. பிள்ளை நேர், நிரை என்று கோடு கிழிக்கின்றது, வாய்பாடு எழுதுகின்றது, முழு மதிப்பெண்ணும் பெறுகின்றது. அக்குறளை ஒருமுறையேனும் அது வாய்விட்டுப் படித்ததா? இல்லை. ஓசையை அளக்கும் கோலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, ஓசையைக் கேட்கவிடாமற் செய்வது என்ன கல்வி?

காரிகையாசிரியர் அமிதசாகரரே இதனை உணர்ந்தவர். வறண்ட விதிகளைக் கூறும்போதும் ஒரு பெண்ணை விளித்து, அழகிய விளிகளைப் பெய்து, நூல் முழுவதையும் பாடத்தக்க கட்டளைக் கலித்துறையால் யாத்தார். இலக்கணத்துக்கே இனிமை வேண்டுமென்று அவர் கருதினாராயின், இலக்கியத்தை இனிமையின்றிக் கற்பிப்பது எவ்வளவு கொடிது!

படி ஒன்று: கேட்டலும் ஆடலும்

5 முதல் 8 அகவை வரை பாட்டு விளையாட்டாகவே இருத்தல் வேண்டும். கரும்பலகை வேண்டா, வினா விடை வேண்டா. கடற்கரை நண்டைப் பற்றி இப்படி ஒரு பாட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்:

குடுகுடு நண்டே கோலம் போடு;
கடலலை வருமுன் கரையில் போடு;
வளையின் வாயில் வட்டம் போடு;
அலைவந் தழித்தால் அடுத்தது போடு.

ஆசிரியர் பாடுக, பிள்ளைகள் கைகொட்டுக. மறுநாள் ஒவ்வோர் அடியிலும் இறுதிச் சொல்லை ஆசிரியர் விட்டுவிடுக; பிள்ளைகள் நிரப்புவர். மூன்றாம் நாள் நண்டுக்கு மாறாக வேறோர் உயிரைக் கேட்க. ஒரு பிள்ளை நாரை என்னும். 'குடுகுடு நாரை' என்று சொல்லிப் பார்க்கும். பொருந்தவில்லை என்று தானே உணரும். சற்று எண்ணி 'நடநட நாரையே' என்று பாடும். அந்த நொடியில் அப்பிள்ளை மோனையைக் கண்டுபிடித்துவிட்டது. ஆசிரியர் அதன் பெயரை அப்போது சொல்லவேண்டா. கண்டுபிடித்த மகிழ்ச்சி போதும்.

இப்பருவத்துக்குரிய பாட்டுகளுக்குத் தமிழில் குறைவில்லை. பாரதியாரின் பாப்பாப் பாட்டு, கவிமணி தேசிகவிநாயகனாரின் சிறுவர் பாக்கள், பாவேந்தர் பாரதிதாசனாரின் இளைஞர் இலக்கியம், அழ. வள்ளியப்பாவின் மலரும் உள்ளம் முதலியன கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. இவ்வளவும் இருக்க, பொருளறியாத ஆங்கிலச் சிறுபாட்டை விருந்தினர்முன் பிள்ளையைப் பாடச்செய்து மகிழும் வீடுகள் மிகுந்துவிட்டன. ஆங்கிலம் கற்பது தவறன்று. ஓசையுணர்வு முளைக்கும் பருவத்தில் தாய்மொழி ஓசையை மறுப்பது தவறு.

படி இரண்டு: சொல்விளையாட்டு

8 முதல் 11 வரை எதுகை விளையாட்டு. 'அலை' என்று ஆசிரியர் தொடங்குக. இலை, வலை, மலை, தலை, நிலை, விலை, உலை, சிலை என்று பிள்ளைகள் அடுக்குவர். சொல் தீர்ந்துபோகும்போது வீட்டுக்குச் சென்று பாட்டியைக் கேட்பர். வழக்கொழிந்த நல்ல தமிழ்ச் சொற்கள் பாட்டியின் வாயிலிருந்து பேரப்பிள்ளையின் வாய்க்கு வந்துசேரும். தூய தமிழ் பேசவேண்டும் என்று நூறு முறை அறிவுரை கூறுவதைக் காட்டிலும் ஓர் எதுகை விளையாட்டு மிகுதியாகப் பயன்தரும். சொல் தேவைப்படும்போதுதான் சொல்லின் அருமை தெரியும்.

விடுகதையும் பழமொழியும் இப்பருவத்துக்கு உரியன. தொல்காப்பியர் யாப்பின் வகையாக ஏழனைக் கூறுகின்றார்: பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். பிசி என்பது விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. ஊர்ப்பிள்ளை திண்ணையில் அமர்ந்து போடும் விடுகதைக்கும் யாப்பில் இடமளித்த பேராசான் அவர். நாட்டுப்புறப் பிள்ளை வெறுங்கையோடு வகுப்புக்கு வரவில்லை என்பதை ஆசிரியர் உணர்தல் வேண்டும்.

எழுதத் தூண்டுதலும் இப்போதே தொடங்கலாம். 1968-இல் நியூயார்க்கு நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் கென்னத்து கோக்கு என்னும் பாவலர் சிறுவர்க்குப் பா எழுதக் கற்பித்தார். அப்பட்டறிவை 1970-இல் நூலாக்கினார். ஒவ்வோர் அடியையும் 'எனக்கு ஆசை' என்று தொடங்குக என்பதுபோல் ஒரு சிறு சட்டகத்தை மட்டும் கொடுத்து, மற்றவற்றைப் பிள்ளைகளுக்கே விட்டார். இயைபு தேடி உண்மை உணர்ச்சியை இழக்கின்றனர் என்பதனால் இயைபு வேண்டா என்றார். சட்டகம் கொடுக்கும் முறை நமக்கும் நல்லதே. இயைபு பற்றிய அவர் கருத்து ஆங்கிலத்துக்குப் பொருந்தலாம். தமிழில் எதுகையும் மோனையும் அடியின் தலையிலேயே நிற்பதால், சொல்லைத் தேடும்போதே கருத்தும் உடன் வருகின்றது.

'கடலே, நீ' என்று ஒவ்வோர் அடியையும் தொடங்கச் சொல்லுங்கள். ஆனால் 'கடலே, நீ அழகு' என்று எழுதும்படி எவரையும் கட்டாயப்படுத்தவேண்டா. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்துசென்ற கரை இது. ஒரு வீட்டில் கடல் சோறு போட்ட தெய்வம். மற்றொரு வீட்டில் உயிரைக் கொண்டுசென்ற கூற்றம். பல வீடுகளில் இரண்டும் அதுவே. பிள்ளை தான் கேட்டதையும் கண்டதையும் எழுதட்டும். பாட்டு மெய்யைச் சொல்லும் இடம் என்பதை அது அன்றே அறிந்துகொள்ளும்.

படி மூன்று: பெயரிடுதல்

11, 12 அகவையில் ஓசையின் பெயர்களைச் சொல்லலாம். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். இவற்றை எழுதிக்காட்டிப் பயனில்லை, படித்துக்காட்டல் வேண்டும். ஒன்று எடுத்துரைப்பதுபோல் நடக்கும். ஒன்று அழைப்பதுபோல் ஒலிக்கும். ஒன்று கன்றுபோல் துள்ளும். ஒன்று ஊஞ்சல்போல் அசையும்.

அசையையும் சீரையும் பிள்ளைகளின் பெயரிலேயே காட்டலாம். முன்னோர் எவ்வளவு அறிவோடு வாய்பாடு அமைத்தனர் பாருங்கள்: 'நேர்' என்னும் சொல்லே நேரசை, 'நிரை' என்னும் சொல்லே நிரையசை. தேமா என்னும் பெயரைச் சொன்னாலே நேர்நேர் ஒலிக்கின்றது. இனி வகுப்பிலுள்ள பெயர்களை எடுத்துக்கொள்க. கண்ணன் தேமா, முருகன் புளிமா, மணிமொழி கருவிளம், தேன்மொழி கூவிளம். தமிழ்ச்செல்வி புளிமாங்காய், பூங்குழலி கூவிளங்காய், அறிவழகன் கருவிளங்காய். தன் பெயர் தேமாங்கனியா காயா என்று அறிய எந்தப் பிள்ளைதான் விரும்பாது? ஒரே பாடவேளையில் வகுப்பு முழுதும் அலகிடக் கற்றுவிடும், அதுவும் சிரித்துக்கொண்டே.

படி நான்கு: தளையும் பயிற்சியும்

தளையை எப்போது கற்பிப்பது? அகவையைப் பார்த்து அன்று. பிள்ளையின் வினாவைப் பார்த்து. 'ஐயா, இந்த அடி ஏன் இடறுகிறது?' என்று என்றைக்கு ஒரு பிள்ளை கேட்கின்றதோ, அன்றைக்கே அது யாப்புக்குத் தகுதி பெற்றுவிட்டது. பெரும்பாலும் 13, 14 அகவையில் இது நிகழும். அவ்வினா தானே எழாவிடின் ஆசிரியர் எழுப்பலாம். எடுத்துக்காட்டாக ஒரு குறள்வெண்பா:

அலைவந்து தொட்ட அடிச்சுவ டெல்லாம்
தொலைவினில் போயின காண்.

இதனை மும்முறை படிக்கச் செய்க. பிறகு 'அடிச்சுவடு' என்பதை நீக்கி, அதே பொருளுடைய 'காற்சுவடு' என்பதை இட்டு, 'அலைவந்து தொட்ட காற்சுவ டெல்லாம்' என்று படிக்கச் செய்க. பொருள் மாறவில்லை, ஆயினும் நடை தடுக்குகின்றது. எங்கே தடுக்குகின்றது என்று கேட்க. செவி பழகிய பிள்ளை 'தொட்ட' என்பதற்கும் 'காற்' என்பதற்கும் இடையில் விரலை வைக்கும். அப்போது சொல்க: வெண்பாவில் மாச்சீரின்பின் நிரை வரவேண்டும், இங்கே நேர் வந்துவிட்டது, அதனால் ஆசிரியத்தளை புகுந்தது. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்னும் விதி அப்போது சுமையாக இராது. தன் ஐயத்துக்குக் கிடைத்த விடையாக இருக்கும். கேளாத வினாவுக்கு விடை சொல்வதனாலேயே இலக்கணம் கசக்கின்றது.

இங்கிருந்து ஆசிரியர் தளரலாகாது. இதுவரை பிழை திருத்தாமல் விட்டது சரியே, இனி விடலாகாது. கிழமைக்கு ஒரு குறள்வெண்பா எழுதச் செய்க. தளை தட்டினால் அன்போடும் உறுதியோடும் திருப்பிக் கொடுக்க. காரிகையை முறையாகப் பாடஞ் சொல்லத்தக்க பருவமும் இதுவே.

இரு மறுப்புகள்

'புதுப்பா வந்துவிட்டது; யாப்பு எதற்கு?' என்பார் ஒருசாரார். யாப்பறிந்து அதனைத் துறப்பது ஒருவர் உரிமை; அறியாமையால் அதனை இழப்பது உரிமையன்று, இழப்பே. அன்றியும், எழுதாதவனுக்கும் யாப்பு வேண்டும். வெண்பாவின் ஈற்றடி முச்சீராய்க் குறைந்து நிற்பதனால் கருத்து எப்படி நச்சென்று முடிகின்றது என்பதை உணராதவன் திருக்குறளின் பாதிச் சுவையை இழந்தவனே.

'இலக்கணம் முடித்தே இலக்கியத்துள் நுழைதல் வேண்டும். முறை தளர்ந்தால் மொழி கெடும்' என்பார் மற்றொருசாரார். அவர்தம் மொழிப்பற்று போற்றத்தக்கது. ஆனால் இலக்கியத்திலிருந்தே இலக்கணம் எடுக்கப்பெற்றது என்பது முன்னோர் கொள்கை. மரபைக் காப்பதாகக் கூறி மரபின்மேல் வெறுப்பை வளர்ப்பது காவலாகாது. காவலுக்கு ஆள்வேண்டும், அன்பில்லாதவன் காவல் நிற்கமாட்டான்.

மூன்று விலக்குகள்

முடிவாக மூன்றனை விலக்குதல் வேண்டும். ஒன்று: பாட்டைத் தண்டனையாக்காதீர். குறும்பு செய்த பிள்ளையைச் செய்யுளை 20 முறை எழுதச் சொன்னால், அச்செய்யுள் அதன் உள்ளத்தில் என்றும் தண்டனையாகவே நிற்கும். இரண்டு: பாடி முடித்தவுடன் 'இதிலிருந்து அறியும் அறம் யாது?' என்று கேளாதீர். மலரைக் காட்டியவுடன் அதன் விலையைக் கேட்பதுபோன்றது அது. மூன்று: தாம் சுவையாத பாட்டைக் கற்பிக்காதீர். பாடநூல் கட்டாயப்படுத்தினால், வகுப்புக்குச் செல்லுமுன் அதனைத் தாம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சுவை காண்க. ஆசிரியர் முகத்தில் மகிழ்ச்சி இல்லாவிடின் பிள்ளை முகத்தில் அது தோன்றாது.

பெற்றோரே! நாள்தோறும் இரவில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பாட்டு, ஒரு விடுகதை, அவ்வளவே. எழுத்தறியாத தாயும் இதனைச் செய்யலாம். அவர் நெஞ்சிலுள்ள தாலாட்டும் நடவுப்பாட்டும் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. ஆசிரியர்களே! நாளைக் காலை முதற் பாடவேளையில் நூலைத் திறக்குமுன் ஒரு பாவை வாய்விட்டுப் பாடுங்கள். செவி திறக்கட்டும், சீர் தானே வந்து அமரும்.

வாழ்க தமிழ்! வளர்க இளையோர் செவியிலும் நாவிலும்!